பொம்மைச் சிப்பாய்கள் சேர்க்கும் பெரியவர்களைக் கிண்டல் செய்வது நியாயம்தானே?

உங்கள் அலுவலகத்தில் நாற்பது வயது தாண்டிய ஒருவர் மேசை மேல் விரல் நீளச் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார், எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேன், அதில் தப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பதினொரு வருடமாகப் பொம்மைச் சிப்பாய்கள் சேர்ப்பவன்தான். அதனால் என் பதில் அவர் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரித்தது குற்றமெல்லாம் இல்லை. ஆனால் அடுத்த முறை சிரிப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிட்டு ஒரு சிப்பாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழைய ஈயச் சிப்பாயாக இருந்தால் நீங்கள் நினைத்ததைவிட லேசாக இருக்கும். எனக்கு இந்தப் பழக்கம் அந்த லேசிலிருந்துதான் ஆரம்பித்தது.

லண்டனில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சனிக்கிழமை போர்ட்டொபெல்லோ சாலைச் சந்தைக்குப் போயிருந்தேன். பழைய பொருள் விற்கும் ஒரு பெரியவரிடம் செருப்பு டப்பா நிறைய உடைந்த சிப்பாய்கள் இருந்தன. கட்டம் போட்ட பாவாடை உடுத்திய ஒரு ஸ்காட்லாந்துக்காரனை எடுத்தேன், தலை ஆடியது. பெரியவர் அதை வாங்கி அந்தத் தலையை மெதுவாக இழுத்தார், கழுத்துக்குள்ளிருந்து ஒரு தீக்குச்சித் துண்டு வெளியே வந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் ஒட்டுவார்கள் என்றார். சிப்பாயின் உடம்பு உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூடு, தலை உடைந்தால் கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதில் தீக்குச்சியைச் செருகி அதன் மேல் தலையை வைத்தால் மறுபடி சண்டைக்குத் தயார். எழுபது எண்பது வருடத்துக்கு முன்னால் பெயர் தெரியாத ஒரு பிள்ளை, உடைந்ததைத் தூக்கிப் போட மனமில்லாமல் அடுப்படியிலிருந்து தீக்குச்சி எடுத்து வந்து உட்கார்ந்து சரி செய்திருக்கிறது. அந்தக் குச்சியை நான் இன்று வரை மாற்றவில்லை.

அந்தக் கூடு எப்படி வந்தது என்பது தனிக்கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொம்மைச் சிப்பாய் என்றால் ஜெர்மனிதான். நியூரம்பெர்கில் காகிதம் போல் தட்டையாக வெள்ளீயத்தில் வார்த்தார்கள், டிரெஸ்டனில் முழு உருவமாகக் கெட்டியாக வார்த்தார்கள். கெட்டி உருவம் என்றால் உலோகம் அதிகம், விலையும் அதிகம். 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்ற பொம்மை செய்யும் குடும்பத்து மகன் வேறு வழி கண்டுபிடித்தார். காரீயமும் ஆன்டிமனி என்ற உலோகமும் கலந்து உருக்கிய குழம்பை அச்சில் ஊற்ற வேண்டும். அச்சின் சுவரை ஒட்டிய குழம்பு முதலில் இறுகும். நடுவில் இருப்பது இறுகுவதற்குள் அச்சைக் கவிழ்த்து மீதியைக் கொட்டிவிட வேண்டும். தோல் மட்டும் நிற்கும். ஒரு கணம் தாமதித்தால் கெட்டியாகிவிடும், அவசரப்பட்டால் தோலில் ஓட்டை விழும். வார்ப்பவரின் கைக்கணக்குத்தான் எல்லாம். எட்டுக் காலாட்கள் ஒரு பெட்டி, விலை ஒரு ஷில்லிங். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்துவந்த பொருள் நடுத்தர வீடுகளுக்கு வந்தது இப்படித்தான். வண்ணம் பூசியது பெரும்பாலும் பெண்கள், எண்ணிக்கைக்குக் கூலி. என்னிடம் உள்ள சிப்பாய்களில் மீசை ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஒருத்தி மெல்லிதாக இழுத்திருக்கிறாள், இன்னொருத்தி இரண்டு புள்ளியோடு விட்டுவிட்டாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது போர்க்களமில்லை, அந்தப் பெண்களின் கை.

சரி, கிண்டலுக்கு வருவோம். பொம்மைச் சிப்பாய் வைத்திருந்தவரைக் கேலி செய்த கதைகளில் உலகப் புகழ்பெற்றது ரஷ்யப் பேரரசர் மூன்றாம் பீட்டருடையது. அவர் மனைவி கேத்தரீன், பிற்காலத்துப் பேரரசி, தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஒரு நாள் கணவர் அறைக்குள் போனால் பெரிய எலி ஒன்று தூக்கில் தொங்குகிறது. என்ன இது என்று கேட்டால், அட்டைக் கோட்டை மேல் ஏறி, காவலுக்கு நின்ற மாவுச் சிப்பாய்கள் இரண்டு பேரைத் தின்றுவிட்டது, ராணுவச் சட்டப்படி தண்டனை என்றாராம் பீட்டர். கேத்தரீன் சிரித்துவிட்டார். பீட்டருக்கு மனம் புண்பட்டுவிட்டது.

இதைப் படித்தால் யாருக்கும் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் இந்தக் கதையை எழுதியவர் யார் என்று பாருங்கள். 1762-ல் அதே கணவரை இறக்கிவிட்டு அரியணை ஏறியவர். அவன் சிறுபிள்ளை, ஆளத் தகுதியில்லாதவன் என்று காட்ட வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. பீட்டர் ஆண்டது ஆறே மாதம். அதற்குள் பிரபுக்களின் கட்டாய அரசுப் பணியை நீக்கினார், மக்களை நடுங்க வைத்த ரகசிய விசாரணை அலுவலகத்தை மூடினார். அதெல்லாம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? எலி ஞாபகம் இருக்கிறது. ஒருவரைச் சின்னவராக்க அவர் கையிலிருக்கும் பொம்மையைக் காட்டினால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேத்தரீனே சேர்ப்பதில் பெரும் பித்துப் பிடித்தவர். ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் அவர் வாங்கிக் குவித்த ஓவியங்களில் தொடங்கியதுதான். நகம் அளவுக் கற்களில் உருவம் செதுக்கிய பதக்கங்களை மட்டும் சுமார் 10,000 சேர்த்தார். சின்ன உருவங்களை வாழ்நாளெல்லாம் சேர்த்தவர்தான் சின்ன உருவங்களைச் சேர்த்தவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். கல் என்றால் கலை, மாவு என்றால் பித்து என்பதை நான் ஏற்க மாட்டேன்.

நம் வீடுகளிலும் இதே கதைதான். என் அம்மா வருடா வருடம் கொலு வைப்பார். பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றிய பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது என் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எந்த வருஷத்து பொம்மை அத்தை? மூக்கு உடையாம இருக்கே" என்று அக்கறையாகக் கேட்பார். கீழே மண் கொட்டி அமைக்கும் பார்க்கில் மலை உச்சியில் நிற்கும் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்களை நிறுத்துவதும் அவர்தான். அதே மச்சான் என் கண்ணாடி அலமாரியைப் பார்த்தால், "என்ன மாப்ள, படையெடுப்பு எப்போ?" என்பார். அவர் நல்ல மனிதர், அன்பாகத்தான் சொல்கிறார். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். அம்மாவிடம் கேட்ட அதே கேள்விதான், இது எந்த வருஷத்து பொம்மை.

அப்புறம், இதெல்லாம் வீண் வேலை, இதிலிருந்து என்ன வந்துவிடப் போகிறது என்பவர்களுக்கு நான் சொல்வது இங்கிலாந்தின் ஹாவொர்த் ஊர்க் கதை. 1826 ஜூனில் பாட்ரிக் பிரான்டி என்ற பாதிரியார் லீட்ஸ் நகரத்திலிருந்து மகன் பிரான்வெலுக்கு மரச் சிப்பாய்கள் பன்னிரண்டு வாங்கி வந்தார். மறுநாள் காலை அக்கா தங்கைகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். சார்லட் தன் சிப்பாய்க்கு பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தாள், பிரான்வெல் தன்னுடையதற்கு அவர் எதிரி நெப்போலியன் போனபார்ட்டின் பெயரை வைத்தான். அந்தப் பன்னிரண்டு பேருக்கு நாடு வேண்டும் என்று ஒரு நாட்டைக் கற்பனை செய்தார்கள், நாடு இருந்தால் பத்திரிகை வேண்டும் என்று தீப்பெட்டி அளவில் பத்திரிகை எழுதித் தைத்தார்கள், சிப்பாய்கள் படிக்கும் அளவுக்குப் பொடி எழுத்தில். அந்தக் குட்டிப் புத்தகங்கள் சில இன்றும் ஹாவொர்த் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சார்லட், எமிலி, ஆன் மூவரும் பிற்காலத்தில் புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியைகள் ஆனார்கள். அவர்கள் எழுதிப் பழகியது அந்தச் சிப்பாய்களுக்காகத்தான்.

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. வில்லியம் சைபோர்ன், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. வெலிங்டன் 1815-ல் நெப்போலியனை வென்ற வாட்டர்லூ போரை அப்படியே சிறிய உருவில் செய்ய வேண்டும் என்று 1830-ல் அந்த நிலத்துக்கே போய் மாதக்கணக்கில் தங்கி அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, அன்று மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் படை எங்கே நின்றது, எதிரில் யார், வயலில் என்ன பயிர் என்று கேட்டார். 1838-ல் லண்டனில் அதைக் காட்சிக்கு வைத்தபோது அதில் பல்லாயிரக்கணக்கான குட்டி உலோகச் சிப்பாய்கள். பிரச்சினை என்னவென்றால், அவர் சேர்த்த சாட்சியங்களின்படி அந்த நேரத்தில் பிரிட்டனுக்குத் துணையாக வந்த ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் படை களத்தில் பெரிய அளவில் வந்து சேர்ந்துவிட்டது. வெற்றியில் பிரஷ்யர்களுக்கு அவ்வளவு பங்கு தெரிவதை வெலிங்டன் தரப்பு விரும்பவில்லை. கடைசியில் சைபோர்ன் பிரஷ்யச் சிப்பாய்கள் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டியதாயிற்று. அந்த மாதிரி இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்னால் நான் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன். ஒரு நாட்டின் பெரிய பிரபுவைச் சங்கடப்படுத்தும் அளவுக்கு உண்மை அந்தப் பொம்மைகளிடம் இருந்தது.

இப்படிச் சேர்ப்பது போர் வெறி என்று சிலர் குற்றம் சொல்வார்கள், அதற்குச் சுருக்கமாக ஒன்று. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைச் சிப்பாய் விளையாட்டுக்கு விதிகள் எழுதிப் புத்தகமாகவே போட்டார், மரக்கட்டைக் குண்டு எறியும் பொம்மைப் பீரங்கியோடு வீட்டுத் தரையில் ஆடுவது. அந்தப் புத்தகத்தின் முடிவில் அவர் சொல்வது, இதை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே நிஜப் போர் எவ்வளவு தடுமாற்றமான மடத்தனம் என்று புரிந்துவிடும் என்பதுதான். அடுத்த வருடமே முதல் உலகப் போர் வந்தது. போர் முடிந்து ஊர் முழுக்கத் துக்கத்தில் இருந்தபோது சிப்பாய்ப் பொம்மை மேல் மக்களுக்கு வெறுப்பு வந்ததால், வில்லியம் பிரிட்டன் குடும்பத்து நிறுவனமே 1920-களில் பசுமாடு, பால் கறக்கும் பெண், வேலி, மரம் என்று பண்ணைப் பொம்மைகள் வார்க்க ஆரம்பித்தது. என்னிடம் அந்த மாடுகளும் நாலைந்து உண்டு.

ஆனால் ஒரு விமர்சனத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன். இவை பேரரசு விற்ற பொம்மைகள். 1890-களிலேயே மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, அதாவது ஆங்கிலேயர் கீழிருந்த சென்னைக் காலாட்படை என்று நம் ஊர்ச் சிப்பாய்களை வார்த்துப் பெட்டி போட்டு விற்றிருக்கிறார்கள். ஏலப் பட்டியல் ஒன்றில் அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சில் ஏதோ செய்தது. தலைப்பாகையும் கறுத்த முகமுமாக, யாருக்காகவோ துப்பாக்கி ஏந்தி நடக்கும் ஆட்கள். எங்கோ ஒரு ஆங்கிலேயப் பையன் அவர்களை முன்வரிசையில் நிறுத்திச் சுட்டு விழுத்தியிருப்பான். சட்டையின் பொத்தான் நிறம் வரை சரிபார்க்கும் சேகரிப்பாளர்களில் பலர் அந்தப் படை எந்த ஊரில் யாரைச் சுட்டது என்று படிப்பதே இல்லை. இதைக் கேட்டு ஒருவர் என்னைக் குத்தினால் நான் உட்கார்ந்து பதில் சொல்வேன். அந்தப் பெட்டி என் கைக்கு எட்டும் விலையில் இதுவரை வரவில்லை, வந்தால் கண்டிப்பாக வாங்குவேன். அவர்கள் நம் அலமாரி ஒன்றில் நிற்க வேண்டும் என்று ஆசை.

உங்கள் அலுவலக நண்பருக்குச் சொல்ல இரண்டு விஷயம். காரீயம் விஷம். நாம் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு, இது வேறு. பழைய சிப்பாய்களைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும், அலுவலக மேசையில் டிபன் டப்பா பக்கத்தில் வைக்கவே கூடாது, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது. பிரிட்டன் நிறுவனம் 1966-ல் ஈய வார்ப்பையே நிறுத்திவிட்டது, அதற்குப் பிந்தைய பிளாஸ்டிக் பொம்மையின் உடம்பு ஈய வார்ப்பு இல்லை. இன்னொன்று, ஓக் மர அலமாரியில் வைக்க வேண்டாம், அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். கண்ணாடியும் இரும்புமான அலமாரி போதும்.

வீட்டில் தாத்தா காலத்து ஈயச் சிப்பாய் ஏதாவது கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள், புதிதாகப் பெயின்டும் அடிக்காதீர்கள். மீசை அழிந்துவிடும்.