மாஸ்க், கிளவுஸ், கவரால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கவசம் இல்லாமல் டியூட்டி பார்த்தால் நோய் தொற்றும், தெரியும். வந்த நோய் கடுமையாகவும் ஆகுமுங்களா?
– ஸ்டாஃப் நர்ஸ், பெருந்துறை

தொற்றுவது வேறு, முற்றுவது வேறு. முதலாவதற்குத் தெளிவான கணக்கு உண்டு. 2020-ல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்த பிரிட்டன், அமெரிக்க ஆய்வில், போதிய கவசம் கிடைத்தவர்களைவிட, போட்டதையே திரும்பப் போட்ட மருத்துவப் பணியாளர்களுக்குக் கோவிட் தொற்று அபாயம் 1.46 மடங்கு, கவசம் போதாதவர்களுக்கு 1.31 மடங்கு. போதிய கவசம் இருந்தும், கோவிட் நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கு மற்றவர்களைவிட அபாயம் கூடுதல்தான்.

நோய் முற்றுவதைப் பெரிதும் தீர்மானிப்பவை வயது, சர்க்கரை நோய், உடல் பருமன், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பவை. உள்ளே போகும் கிருமியின் அளவு கூடினால் நோயும் கடுமையாகும் என்பது விலங்குச் சோதனைகளில் தெரிந்தது. மனிதர் சுவாசித்த கிருமியை எண்ணிப் பார்க்க வழியில்லை. மேலும், கவசத்துக்குத் தட்டுப்பாடு உள்ள ஆஸ்பத்திரியில்தான் நெரிசலும் இரட்டை ஷிப்டும் தாமதமான பரிசோதனையும் இருக்கும். எது எவ்வளவு கெடுத்தது என்று பிரிப்பது கடினம். ஆகவே கவசத்தைக் கேட்டு வாங்குவதோடு, சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போடுங்கள். காய்ச்சல் கண்ட அன்றே சொல்லுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போவது உங்களுக்கும் கேடு, வார்டுக்கும் கேடு.

மாதத்துக்கு 2 என்95 மாஸ்க் தர்றாங்க. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் போடலாமுங்களா?
– லேப் டெக்னீஷியன், தாராபுரம்

கூடவே கூடாது. என்95 வெறும் சல்லடை இல்லை. நடு அடுக்கின் இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருக்கும், அதுதான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. ஸ்பிரிட், சானிடைசர், சோப்புத் தண்ணீர் எது பட்டாலும் அந்த மின்னூட்டம் போய்விடும். மாஸ்க் பார்க்கப் புதிதாகவே இருக்கும், வடிகட்டாது. அதுதான் இதில் உள்ள ஆபத்து.

தட்டுப்பாட்டுக் காலத்துக்கென்று வகுத்த முறை இது. ஆளுக்கு 5 மாஸ்க். 1 முதல் 5 வரை எண் எழுதி, நாளுக்கு ஒன்றாகப் போட்டு, கழற்றியதைக் காகிதக் கவரில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வியர்வை ஈரம் காயாது. அதன் முறை மறுபடி வர 5 நாள் ஆகும். ஒரு மாஸ்க்கை 5 முறைக்கு மேல் மாட்டக்கூடாது. டீ குடிக்கக் கழற்றி மாட்டினால் அதையும் தனியாக ஒரு முறை என்று எண்ணுங்கள். டியூட்டிக்கு ஒரு தடவை என்று வைத்தால் 5 மாஸ்க் 25 டியூட்டிக்கு வரும். 2 போதாது என்பதற்கு இந்தக் கணக்கையே எழுதிக் கொடுங்கள். ரத்தமோ சளியோ பட்டால், நனைந்தால், பட்டை தளர்ந்தால் எத்தனையாவது முறையானாலும் குப்பைக்கு. வார்டு கூட்டும் அம்மாவுக்கும் இதே 5 வேண்டும். கிருமிக்கு அருகில் இருப்பவருக்குச் சாதா மாஸ்க் கொடுப்பது அநியாயம்.

மேல்பட்டை உச்சந்தலைக்கு, கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரிக்கு. மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திப் படியவைத்து, இரு கைகளாலும் மாஸ்க்கை மூடி ஊதிப் பாருங்கள். கண் பக்கம் காற்று வந்தால் கம்பியையும், கன்னத்துப் பக்கம் வந்தால் பட்டையையும் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டாது.

திருப்பூர்ப் பக்கம் தைத்த கவரால் (உடல் முழுவதையும் மூடும் கவச உடை) வாங்கலாமா?
– கிளினிக் நிர்வாகி, பல்லடம்

வாங்கலாம், தையலைப் பார்த்து. ஊசி குத்திய ஓட்டைகள் வழியாகத்தான் ரத்தம் உள்ளே வரும். தையல் மேல் சூட்டில் ஒட்டிய டேப் விடுபடாமல் இருக்க வேண்டும். கவராலுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 17423, அதைக் கேளுங்கள். செயற்கை ரத்தம் ஊடுருவுகிறதா என்று கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் சோதிக்கிறார்கள். நீங்கள் வாங்கும் லாட்டுக்கான அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

இருமலோடு வருகிறவர்களைச் சின்ன அறையில் பார்க்கிறோம். ஜன்னலைத் திறந்தால் ஆடிக்காற்றில் ஒரே புழுதி.
– கிராமச் சுகாதார செவிலியர், உடுமலை

புழுதியைத் துடைத்துக்கொள்ளலாம், திறந்தே வையுங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வரும். மேற்கு ஜன்னலுக்கு முதுகு காட்டி நீங்கள், உங்களுக்குக் கிழக்கே நோயாளி, அவருக்குப் பின்னால் திறந்த கிழக்கு ஜன்னல் அல்லது கதவு. ஐப்பசியில் காற்று திரும்பும், நாற்காலிகளையும் திருப்புங்கள். காற்றில்லாத நாளில் மேஜை விசிறியை உங்கள் முதுகுப் பக்கம் வையுங்கள். ஸ்பிளிட் ஏசி இருந்த காற்றையே சுற்றிவிடும், அதை நம்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள்: புகை உங்களிடமிருந்து நோயாளியைத் தாண்டி வெளியே போக வேண்டும்.