அம்மா போடுற 120 ரூபா – கடிதமும் பதிலும்

கடிதம்:

வணக்கம் அண்ணா,

போன மாசம் நீங்க எழுதுனதுல, கோயிலுக்கு குடுக்கறதுல ஒரு சந்தோஷம் இருக்கு, அது வேற எதுலயும் கிடைக்காதுன்னு ஒரு வரி வந்தது. அத படிச்சதுல இருந்து மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசர், சொந்த ஊரு சாத்தான்குளம் பக்கம். அப்பா தவறி ஆறு வருஷம் ஆச்சு. அம்மாவுக்கு விதவை பென்ஷன் 1,200 ரூபா வருது. அது கைக்கு வந்த அன்னைக்கே 120 ரூபாய எண்ணி ஒரு கவர்ல போட்டு பைபிளுக்குள்ள வச்சிருவாங்க, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு போயிரும். அது போக பிடியரிசி, ஸ்தோத்திர காணிக்கை, கோயில்ல எல்லாருக்கும் போடுற அசன விருந்துக்கு தனியா. போன மாசம் சுகர் மாத்திரை தீந்து போய் நாலு நாள் மாத்திரையே போடாம இருந்திருக்காங்க. ஆனா கவர் மட்டும் கரெக்டா போயிருக்கு. கோவம் தாங்காம ஃபோன்ல கத்திட்டேன். "அது என் சந்தோஷம்யா, அதுல மட்டும் நீ கை வைக்காத"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. இங்க நான் போற சபைல வேற கதை, விதை விதைங்க நூறு மடங்கா வரும்னு மைக்ல சொல்லி சொல்லியே வாங்குறாங்க. மொத்தத்துல இந்த காணிக்கையே ஒரு ஏமாத்து வேலையோன்னு தோணுது. அம்மாவ எப்படி நிறுத்துறதுன்னு சொல்லுங்க.

(பேர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். மாத்திரை இல்லாம இருந்த அந்த நாலு நாள் எனக்கும் தொண்டைல முள்ளு மாதிரி நிக்குது, அதனால முதல்ல அத முடிச்சிருவோம். இன்னைக்கே ஊர்ல இருக்கற மெடிக்கல் கடைக்காரருக்கு ஃபோன் போட்டு மாசா மாசம் மாத்திரைய வீட்டுல குடுக்க சொல்லிருங்க, காச நீங்க அனுப்பிருங்க. அம்மாகிட்ட அத 120 ரூபாயோட சேத்து பேசாதீங்க. அது மகன் செய்ய வேண்டிய வேலை, அதுக்கும் காணிக்கைக்கும் சம்பந்தம் இல்ல.

இனி அந்த 120 ரூபாய்க்கு வருவோம்.

எங்க ஆச்சிகிட்ட நிலம் கிடையாது. பனங்காட்டு ஊரு, தாத்தா பனையேறி, அவரு போனதுக்கு அப்புறம் ஆச்சி ஓலைப்பெட்டி முடைஞ்சுதான் சாப்பிட்டா. குளிக்கற கல்லுக்கு பக்கத்துல தண்ணி போற எடத்துல ஒரு சுரைக்கொடி போட்டிருந்தா. அதுல முதல்ல பிடிக்கற பிஞ்சு ஒரு விரல் நீளம் வந்ததுமே பழைய சேலைல ஒரு துண்டு கிழிச்சு காம்புல கட்டிருவா. கட்டிட்டா அது கோயிலுக்கு, யாரும் தொடக்கூடாது. வீட்டுல குழம்புக்கு ஒண்ணும் இல்லாத நாள்லயும் அந்த காய் அங்கேயேதான் தொங்கும். நாங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்து வந்ததும் முதல்ல போய் அது எவ்வளவு பெருசாயிருக்குன்னு பாப்போம். அறுப்பின் பண்டிகை அன்னைக்கு அத அறுத்து, ஈரத்துணியால துடைச்சு, குழந்தைய தூக்கற மாதிரி இடுப்புல வச்சு கொண்டு போவா.

ஆராதனை முடிஞ்சதும் வேப்பமரத்தடில ஏலம். எங்க பக்கத்து கோயில் ஏலம் உங்களுக்கே தெரியும், இருந்தாலும் மத்தவங்களுக்காக சொல்றேன். வாழத்தாரு, முருங்கைக்கா, சேவல், கருப்பட்டி, முட்டைன்னு வீட்டுல விளைஞ்சது எல்லாம் வந்து குவியும். ஒருத்தர் ஏலத்துல எடுப்பாரு, எடுத்துட்டு "திரும்ப கோயிலுக்கே"ன்னு குடுத்துருவாரு, அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரே சேவல் அஞ்சு தடவ விலை போகும். அந்த வருஷம் பம்பாய்ல கடை வச்சிருந்த ஒருத்தரு பண்டிகைக்கு வந்திருந்தாரு, ஆச்சியோட சுரைக்காய 40 ரூபாய்க்கு எடுத்து திருப்பி குடுத்தாரு, எண்பதுகள்ல 40 ரூபாய்னா சின்ன காசு இல்ல. அடுத்து வாத்தியார் ஒருத்தர் 25-க்கு எடுத்தாரு, அவரும் திருப்பி குடுத்துட்டாரு. மூணாவது தடவ ஏலக்காரர் காய தூக்கி பிடிச்சதும் பொம்பளைங்க பக்கத்துல இருந்து "பதினோரு ரூவா"ன்னு ஒரு சத்தம். திரும்பி பாத்தா எங்க ஆச்சி. முந்தானை முடிச்ச அவுத்துட்டு நிக்கறா. ஏலக்காரர் ஒரு செகண்ட் அவள பாத்தாரு, அடுத்த மூச்சுல "ஒருதரம் ரெண்டுதரம் மூணுதரம்"னு ஒரே இழுப்பா இழுத்து முடிச்சிட்டாரு. அதுக்கு மேல கேக்க யாருக்கும் எடம் குடுக்கல, யாருக்கும் கேக்கவும் தோணல.

தன் கொடில காய்ச்சது, தானே கோயிலுக்கு குடுத்தது, அதையே தன் காசுக்கு திருப்பி வாங்கிட்டு ஆச்சி வீட்டுக்கு நடந்து வந்த நடை எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது. அன்னைக்கு சாயங்காலம் அத கடலைப்பருப்பு போட்டு கூட்டு வச்சு நாலு வீட்டுக்கு கிண்ணத்துல குடுத்து விட்டா, கொண்டு போனது நான்தான். பெட்டி முடைஞ்ச காசுல 11 ரூபா போச்சேன்னு அவ முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. அந்த ஏலத்துல அவ பம்பாய் கடைக்காரரோட சரிசமமா நின்னா. கூலி வாங்கியே பழகுன கைக்கு அன்னைக்கு ஒரு நாள் குடுக்கற கையா இருக்க முடிஞ்சது. உங்க அம்மா ஃபோன்ல சொன்ன "என் சந்தோஷம்" இதுதான்னு நான் நினைக்கறேன் தம்பி. பென்ஷன் காசு கவர்மெண்ட் அவங்களுக்கு குடுக்கறது, மகன் அனுப்பறதும் குடுக்கறதுதான், எல்லாரும் அவங்களுக்கு குடுத்துட்டே இருக்காங்க. அந்த 120 ரூபா மட்டும்தான் அவங்களா குடுக்கறது. அதையும் நிறுத்திட்டா அவங்க வெறும் வாங்கறவங்களா மட்டும் ஆயிருவாங்க.

பைபிள்ல பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதுன ரெண்டாவது நிருபத்துல, அதாவது கடிதத்துல, 8, 9 ரெண்டு அதிகாரமும் முழுக்க காணிக்கை பத்திதான். எருசலேம்ல கஷ்டப்படற விசுவாசிகளுக்காக பணம் சேத்துட்டு இருக்காரு. அதுல மக்கெதோனியா சபைகள பத்தி சொல்றாரு, அவங்களே கொடிய தரித்திரத்துல இருந்தவங்க. பவுல் அவங்கள கட்டாயப்படுத்தல, அவங்கதான் எங்களையும் சேத்துக்கோங்க, எங்க பங்கையும் வாங்கிக்கோங்கன்னு அவர வருந்தி கேட்டாங்கன்னு எழுதுறாரு. இல்லாதவன் வந்து என் காசையும் வாங்கிக்கோன்னு கெஞ்சுறான், இத நான் முதல்ல கவனிச்சு படிச்ச அன்னைக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது. அடுத்த அதிகாரத்துல வர்ற வசனம் எல்லாருக்கும் மனப்பாடம், உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்னு. அதுக்கு முன்னாடி பாதிய நம்ம கோயில்கள்ல அவ்வளவா வாசிக்கறது இல்ல: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே. தன் மனசுல நியமிச்சபடி, அதாவது எவ்வளவுன்னு முடிவு பண்றது அவனவன் மனசு, வேற யாரும் கிடையாது.

உங்க கோவத்துலயும் நியாயம் இருக்கு, அத நான் மூடி மறைக்க மாட்டேன். ஏன்னா ஆச்சி சுரைக்காய் ஏலம் எடுத்த அதே கோயில்லதான் எங்க அப்பா தலை குனிஞ்சதும். அக்கா கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கணும், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு கோயில்ல அறிவிக்கணும், கோயிலுக்கு கட்டுற சங்க வரி பாக்கி நாலு வருஷத்துக்கு நிக்குது, கட்டுனாதான் ஓலைன்னுட்டாங்க. அந்த நாலு வருஷமும் மழை இல்ல, பதனி இல்ல, ஊருக்கே தெரியும். அப்பா வட்டிக்கு வாங்கி கட்டுனாரு. ரசீத நாலா மடிச்சு சட்டைப்பைல வச்சவரு யாருகிட்டயும் ஒண்ணும் பேசல. ஆனா அதுக்கு அப்புறம் காணிக்கைப்பை நீட்டுறப்ப பாடுற பாட்ட அப்பா பாடுனதே இல்ல, நல்ல குரல் அவருக்கு. காசு கோயிலுக்கு வந்துருச்சு, ஒரு மனுஷனோட சந்தோஷம் போயிருச்சு. இது தப்புன்னு நான் அன்னைக்கும் நினைச்சேன், இன்னைக்கும் சொல்றேன்.

விதை விதைங்க நூறு மடங்குன்னு சொல்றதுக்கு பேரு காணிக்கை இல்ல, அது வியாபாரம். கடவுள்கிட்ட வட்டிக்கு விடறது. அப்படி குடுக்கறவன் வீட்டுக்கு போனதும் வரவு எப்போன்னு பாத்துட்டே இருப்பான், அவனுக்கு எங்க சந்தோஷம் வரும். அந்த மைக்க விட்டு தள்ளி நில்லுங்க. மாற்கு 12-ல ஏழை விதவை ரெண்டு காசு போட்டத எல்லா பிரசங்கத்துலயும் சொல்லுவாங்க. அதுக்கு சரியா முந்தின வசனங்கள்ல இயேசு, விதவைகளோட வீடுகள பட்சிக்கற வேதபாரகர, அதாவது அந்த காலத்து வேத பண்டிதர்கள பத்தி எச்சரிக்கறாரு. ரெண்டையும் சேத்து வாசிக்கணும். அந்த அம்மா குடுத்தத அவரு மெச்சிக்கறாரு, வாங்கற எடத்துல இருக்கறவங்கள சும்மா விடல.

அதே மாதிரி தசமபாகம்னாலே, அதாவது உங்க அம்மா போடுற மாதிரி வரவுல பத்துல ஒரு பங்குன்னாலே, மல்கியா 3:10-தான் வாசிப்பாங்க, பண்டசாலைக்கு கொண்டு வாங்கன்னு. உபாகமம் 14 வாசிச்சு பாருங்க. விளைச்சல்ல பத்துல ஒண்ண எடுத்து வச்சு, அத கர்த்தரோட சந்நிதில நீயும் உன் வீட்டாரும் சாப்பிட்டு சந்தோஷப்படணும்னு இருக்கு. தூரமா இருந்தா வித்து காசாக்கி கொண்டு போய், அங்க உனக்கு இஷ்டமானத வாங்கி சாப்பிடுன்னு இருக்கு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவ அந்த பங்கு சொந்த நிலம் இல்லாத லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும், அவங்க திருப்தியா சாப்பிடணும்னு. தசமபாகம் ஒரு விருந்து தம்பி! நம்ம ஊர் அசனம் எனக்கு அப்படித்தான் தெரியுது. அரிசி ஒருத்தர், ஆடு ஒருத்தர், விறகு ஒருத்தர், ஒண்ணும் இல்லாதவங்க ராத்திரி முழுக்க வெங்காயம் உரிச்சு குடுப்பாங்க, மறுநாள் குடுத்தவனும் குடுக்காதவனும் எந்த மதத்துக்காரனும் ஒரே பந்தில உக்காந்து அந்த கறிசோத்த சாப்பிடறோம்.

பிடியரிசிய சின்ன விஷயமா நினைக்காதீங்க. உலை வைக்கறப்ப ஒரு கைப்பிடி அரிசிய எடுத்து கலயத்துல போடறது, அவ்வளவுதான். மிசோரம்ல பிரஸ்பிட்டேரியன் சபைல இதே பழக்கத்துக்கு புஃபாய் தாம்னு பேரு, 1910 வாக்குல ஆரம்பிச்சது, அந்த அரிசிய சேத்து வித்த காசும் அவங்க ஊழியத்துக்கு போகுது. அவங்களும் பணக்கார ஜனங்க இல்ல, மலைக்காட்டு விவசாயிங்க. நம்ம பக்கத்துலயே 1903-ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சப்ப, வெளிநாட்டு காச எதிர்பாக்காம நம்ம ஜனங்க குடுக்கற காசுலயே ஊழியம் நடக்கணும்னுதான் ஆரம்பிச்சாங்க. அதுல முன்னாடி நின்ன வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளைல பிறந்தவரு, 1912-ல தெலுங்கு பக்கத்துல இருக்கற தோர்ணக்கல்லுக்கு பிஷப் ஆனாரு, ஆங்கிலிக்கன் சபைல முதல் இந்திய பிஷப். நம்ம செம்மணல் தேரிக்காட்டு ஜனங்க போட்ட காசு தெலுங்கு தேசம் வரைக்கும் போயிருக்கு. பஞ்சமும் காலராவும் பாத்த ஜனங்க அவங்க. தன் பிள்ளைக்கே பத்தாத வீட்டுல இருந்து முகம் தெரியாத ஊருக்கு ஒரு பிடி அரிசி போச்சுன்னா, அத நினைக்கறப்ப எனக்கு கண்ணு கலங்குது.

நீங்க அம்மாவ நிறுத்த வேண்டாம். கோவம் நிக்கலன்னா அத சரியான எடத்துக்கு கொண்டு போங்க. ஊருக்கு போறப்ப கோயில் நிர்வாகத்த பாக்கற சேகர கமிட்டில வரவு செலவு கேளுங்க, சபை மக்களுக்கு அந்த கணக்க கேக்க உரிமை இருக்கு, சத்தம் போடாம மரியாதையா கேளுங்க. போதகர் ஐயர் கோவப்பட்டா பவுல் என்ன செஞ்சாருன்னு சொல்லுங்க: அந்த எருசலேம் பணத்த அவரு தனியா தூக்கிட்டு போகல, தீத்துவையும் சபைகள்ல நல்ல பேர் எடுத்த சகோதரர்களையும் கூட்டு சேத்துக்கிட்டாரு, யாரும் நம்மள குறை சொல்ற மாதிரி ஆயிரக்கூடாதுன்னு வெளிப்படையாவே எழுதி வச்சிருக்காரு. பவுலுக்கே அது தேவைப்பட்டிருக்கு. அம்மா போட்ட 120 ரூபா எங்க போச்சு, எந்த பிள்ளையோட ஸ்கூல் ஃபீசுக்கு ஆச்சுன்னு தெரிஞ்சா போய் அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்களுக்கு அதவிட பெரிய செய்தி இருக்காது. கட்ட முடியாத வீட்டுக்கு ஓலைய நிறுத்தாதீங்கன்னும் கமிட்டில ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, எங்க அப்பாவுக்காக.

உங்க ஊர் அசனம் எப்போன்னு அம்மாகிட்ட கேட்டு ரெண்டு நாள் லீவு போடுங்க. முந்தின ராத்திரியே போயிருங்க, கோயிலுக்கு பின்னாடி சாக்க விரிச்சு வெங்காயத்த கொட்டியிருப்பாங்க, அம்மா அங்கதான் இருப்பாங்க. பக்கத்துல ஒரு கத்திய எடுத்துட்டு உக்காருங்க. அன்னைக்கு ராத்திரி அம்மா என்னென்ன பேசுனாங்கன்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்