மலைக்காட்டுச் சரணாலயத்துக்குள் கிராவல் சைக்கிள் (சரளை ரோட்டுக்கென்று அகல டயர் போட்டது) ஓட்ட ஏற்ற பாதை எது?

தேனி மாவட்டத்து மேகமலை. சின்னமனூரில் கிளம்பி ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜமெட்டு என்று போகும் தோட்டத்து ரோடு. அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் வண்டி புதுசு, மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கிறது, ஏதோ ஓர் ஆப்பில் காட்டுக்குள் போகும் மெல்லிய கோடு ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று படுகிறது. அந்தக் கோட்டை மறந்துவிடுங்கள்.

அது வனக்காவலர்களின் ரோந்துத் தடமாக இருக்கும், இல்லையென்றால் யானை போட்ட தடமாக இருக்கும். இந்த மலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் உள்தடத்தில் இறங்குவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "சைக்கிளுக்கு ஏது புகை, ஏது சத்தம்" என்று வாதாட வருவார்கள். சட்டம் கேட்பது ஏன் நுழைந்தாய் என்பதை. எஞ்சின் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த குரங்கணி விபத்தும் இதே தேனி மாவட்டத்தில்தான், 2018 மார்ச்சில். அதற்குப் பிறகு விதிகள் எவ்வளவு இறுகின என்பது மலையேறுகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே ஊர்களுக்குப் போகும் பொது ரோடு மட்டும். அதுவே தாராளம்.

"அங்கே தார் போட்டாயிற்றே, கிராவல் எங்கே இருக்கிறது" என்று கருத்தில் ஒருவர் எழுதுவார். ஹைவேவிஸ் வரை ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளும் (ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர்) தார்தான், ஒப்புக்கொள்கிறேன். விஷயம் அதற்குப் பிறகு இருக்கிறது. தோட்டங்களுக்கு நடுவே தார் விட்டு விட்டு வரும். எந்தத் துண்டு எப்படி இருக்கும் என்பது ஒரு மழைக்காலம் தாண்டினால் மாறிவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் மாவு மாதிரி நொறுங்கிய வெள்ளைச் சரளையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். நம் மலை ரோட்டில் தார் போனால் அடியில் தெரிவது ஒன்றரை ஜல்லி. 40 மி.மீ. கல், உடைத்த கல், முனை மழுங்காத கல். இந்த ஒரு வித்தியாசத்தால்தான் டயர், காற்று எல்லாவற்றுக்கும் கணக்கே மாறுகிறது.

உருண்டைக் கல் டயரை நசுக்கும். ஜல்லி டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். அதனால் 40 மி.மீ.க்குக் குறையாத டயர், ஃபோர்க்கில் இடமிருந்தால் 45, பக்கச் சுவரில் தடித்த இழை உள்ள ரகம். 32 போதும் என்பவர்கள் தார் முடியும் இடத்தில் திரும்பிவிடுகிறவர்கள். டியூப்லெஸ் என்றால் 40 மி.மீ. டயருக்கு 60 முதல் 80 மில்லி சீலண்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்). நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் உள்ளேயே தோலாகக் காய்ந்துவிடும். கிளம்பும் முன் சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். தண்ணீர் அலம்பும் சத்தம் வரவில்லையென்றால் டயருக்குள் இருப்பது வெறும் ரப்பர் பொடி. கடையில் டியூப்லெஸ் மாட்டித் தந்தார்கள் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். கையில் பிளக் (ஓட்டையில் செருகும் ரப்பர் திரி), ஒரு டியூப், பழைய டயரிலிருந்து மூன்று விரல் நீளத்துக்கு வெட்டிய துண்டு ஒன்று இருக்கட்டும். பக்கச் சுவர் கிழிந்தால் பிளக் நிற்காது. அந்தத் துண்டை உள்ளே அண்டக் கொடுத்து டியூப் போட்டால்தான் கீழே வந்து சேரலாம்.

காற்று: ஆள் 70 கிலோ, டயர் 40 மி.மீ. என்றால் பின்னால் 35, முன்னால் 32 பிஎஸ்ஐ. தார் ஏற்றத்துக்கு இது சற்று மந்தமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். 28-க்கு இறக்கினால் ஜல்லியில் ரிம் அடிபடும். டியூப் போட்ட சக்கரம் என்றால் ஐந்தாறு கூட்டுங்கள். மலை ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து டயர் இறுகும் என்று ஒரு பேச்சு உண்டு. 1,100 மீட்டர் ஏற்றத்துக்கு அப்படிக் கூடுவது ஒன்றரை பிஎஸ்ஐ சொச்சம். மேலே குளிரில் குறைவதும் ஏறத்தாழ அவ்வளவே. கூட்டிக் கழித்தால் ஒன்றும் தேறாது.

அடுத்து கியர். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஹைவேவிஸ் சுமார் 1,500 மீட்டர் உயரம். ஏற்றம் சராசரியாகப் பார்த்தால் 4, 5 சதவீதம்தான், பயமில்லை. தோட்டத்துக்குள் வரும் 10 சதவீதக் குட்டி மேடுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. அதுவும் உதிரி ஜல்லியில் எழுந்து நின்று மிதிக்க முடியாது, பின் சக்கரம் சுழன்றுவிடும். உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 86 கிலோ என்று வையுங்கள். அந்த 10 சதவீத மேட்டில், முன்னால் 34 பல், பின்னால் 28 பல் உள்ள ரோடு பைக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் 9.6 கி.மீ., தேவைப்படும் சக்தி சுமார் 260 வாட். 30-க்கு 34 என்றால் வேகம் 7 கி.மீ., சக்தி சுமார் 190 வாட். முதலாவது போட்டிக்காரரின் கால். இரண்டாவது அலுவலகம் போய்வருகிற, வாரம் மூன்று நாள் ஓட்டுகிறவரின் கால். முன்னால் ஒரே பல்சக்கரம் என்றால் 40-க்கு 42-ஐவிடக் கடினமான கியரோடு வராதீர்கள். கிராவல் என்று ஸ்டிக்கர் ஒட்டி 11-28 கேசட்டோடு (பின் சக்கரப் பல்லடுக்கு) விற்ற வண்டி என்றால் கேசட்டை மாற்றுங்கள். டீரெய்லர் (செயினைக் கியர் மாற்றும் பாகம்) அத்தனை பல் தாங்குமா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இறக்கம் பற்றி யாரும் கேட்பதில்லை. அதே 86 கிலோ 1,100 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் ரோடும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மிச்சமெல்லாம் இரண்டு பிரேக் வட்டுகளின் தலையில்தான். பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரெசின் பேட் (பிசின் கலந்த பிரேக் கட்டை) கண்ணாடி மாதிரி பளபளத்துப் பிடிமானம் போய்விடும். வளைவுக்கு முன் நேர் ரோட்டில் இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விட்டுவிடுங்கள், வட்டு ஆறட்டும். ஈர மண்ணில் ரெசின் பேட் வேகமாகத் தேயும். மழை ஈரம் இருக்கும் மாதமென்றால் சின்டர்டு பேட் (உலோகத்தூளை இறுக்கிச் செய்தது) போட்டுக்கொண்டு போங்கள். கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக் என்றால் நடுவழியில் ஒருமுறை நிறுத்தி உள்பக்கப் பேடைத் திருகி நெருக்க வேண்டியிருக்கும். அந்த ஆலன் கீ பையின் அடியில் புதைந்திருந்தால் பிரயோஜனமில்லை. வளைவின் உள்ஓரத்தில் லாரி டயர் ஒதுக்கிய உதிரிக் கல் குவிந்திருக்கும். ஓரமாக அணைத்துத் திரும்பும் பழக்கம் உள்ளவர்கள் விழுவது அங்கேதான்.

இறங்கும் கார்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. சனி, ஞாயிறு வரும் கார்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஏறுகிற சைக்கிள் வண்டியே இல்லை என்பது மாதிரி ஹார்னில் கையை வைத்துக்கொண்டு நடு ரோட்டில் வருவார்கள். லைசென்ஸ் எடுக்கும்போது எட்டுப் போட்டுக் காட்டினால் போதும் என்று இருக்கும்வரை இதுதான். முடிந்தால் வார நாளில் போங்கள்.

யானை, காட்டுமாடு: சைக்கிளின் ஆபத்தே அதன் அமைதிதான். பைக் சத்தம் கேட்டு ஒதுங்கும் மிருகம், வளைவில் திடீரென்று உங்களைப் பத்தடியில் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத வளைவுகளில் மணி அடியுங்கள். பாட்டு வேண்டாம், காது திறந்திருக்கட்டும். ரோட்டில் யானை லத்தி ஈரமாக மினுமினுத்தால், ஒடிந்த கிளையின் உள்பக்கம் இன்னும் வெள்ளையாக இருந்தால், நின்று கவனியுங்கள். ஏற்றத்தில் 7 கி.மீ. வேகத்தில் யானையிடமிருந்து தப்ப முடியாது. அணைக்கரைகளில் காலையும் மாலையும் நிற்காதீர்கள்.

நேரக் கணக்கு இப்படி வரும். மலையடிவாரத்துத் தென்பழனிச் சோதனைச் சாவடி காலை 6 முதல் மாலை 6 வரை. போகுமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆறுக்கே நுழைந்தால் ஒன்பதரை, பத்துக்கு ஹைவேவிஸ். எங்கே இருந்தாலும் மதியம் ஒரு மணிக்குத் திரும்புங்கள், இரவங்கலாற்றுக்கு இன்னும் ஒரு திருப்பம்தான் பாக்கி என்றாலும். ஜனவரி, பிப்ரவரி நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூடுபனி, மண்சரிவு, அட்டை. அட்டைக்கு உப்பை மெல்லிய துணியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இரண்டு லிட்டர். வழியில் கடை இருக்கும் என்ற நம்பிக்கையில் ஏறாதீர்கள்.

டீரெய்லர் ஹேங்கர் (டீரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கும் துண்டு) ஒன்று உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான், மாடலுக்கு மாடல் அளவும் வேறு. சின்னமனூர்க் கடைகளில் செயின் கிடைக்கலாம், இது கிடைக்காது.