தம்பிக்கு எந்த மருந்து?

கேள்வி: ஹெராயின் பழக்கத்தை நிறுத்த என் தம்பிக்கு புப்ரெனார்ஃபின் மாத்திரை தருகிறார்கள். “இதுவும் போதை மருந்துதானே, நால்ட்ரெக்ஸோன் கேள்” என்கிறார் சித்தப்பா. மெத்தடோன் என்று வேறொன்றும் இருக்கிறதாம். தம்பிக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. எது நல்லது?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சித்தப்பா சொல்லும் நால்ட்ரெக்ஸோனில் போதை துளியும் இல்லை, உண்மைதான். ஆனால் பாதியில் விட்டால் மூன்றிலும் அதிக ஆபத்து அதில்தான். 7 முதல் 10 நாள் ஹெராயினைத் தொடாமல் இருந்தபிறகே தொடங்க முடியும். தினம் 50 மி.கி. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழைய அளவு ஹெராயினை எடுத்தால், தாங்கும் சக்தியை இழந்த உடம்பில் மூச்சே நின்றுபோகலாம். தினமும் கண்முன் விழுங்கவைக்க ஆள் உண்டா?

புப்ரெனார்ஃபின் ஓர் அளவுக்கு மேல் மூச்சை அடக்காது. மது, தூக்க மாத்திரை சேர்ந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். சிக்கல் முதல் மாத்திரையில்தான். கடைசி ஹெராயினுக்குப் பின் 12 மணி நேரமாவது கழிந்து, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் தெரிய வேண்டும். அவசரப்பட்டால், மருந்து மூளையில் ஹெராயினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்புவலி ஒரேயடியாகத் தாக்கும். “மருந்து ஒத்துக்கலை” என்று ஓடிப்போகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான். முதல் நாள் 2 முதல் 4 மி.கி.யில் தொடங்குவார்கள், பிறகு பெரும்பாலோருக்கு 8 முதல் 16 மி.கி. தேவைப்படும். சாயங்காலமானால் தம்பி நிலைகொள்ளாமல் தவிக்கிறாரா? திட்டாதீர்கள், அளவு போதவில்லை என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை நாக்குக்கு அடியில் 5, 10 நிமிடம் கரைய வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடும்.

மெத்தடோன் சிரப், புப்ரெனார்ஃபினில் ஏக்கம் அடங்காதவர்களுக்குக் கைகொடுக்கும். முதல் வேளை 30 மி.கி.யைத் தாண்டக் கூடாது. நாளுக்கு நாள் உடம்பில் சேர்வதால், முதல் நாள் தாங்கிய அளவே நான்காம் நாள் மிகையாகலாம். இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடும், ஈ.சி.ஜி. பார்ப்பது நல்லது. நம் நாட்டில் சில மையங்களில்தான் கிடைக்கிறது, அங்கும் வழக்கமாகத் தினமும் நேரில் போய்க் குடிக்க வேண்டும். ஷிஃப்ட்காரருக்குச் சிரமம்.

ஆகவே இப்போதைய மாத்திரையே தொடரட்டும். சரியான அளவில் அது கிறக்கம் தராது, வேலைக்குப் போகவிடும். சில வாரங்களிலேயே நிறுத்தத் துடிக்காதீர்கள்; ஆண்டுக்கணக்கில் தேவைப்படுவோர் உண்டு. சந்தேகமிருந்தால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். கட்டணமில்லா உதவி எண் 14446.