மானிங்கின் 2013: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கா வந்தபிறகு என் மகன் அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியமாகிவிட்டான். அவனோடு சேர்ந்து நானும் பழைய ஆட்டங்களைப் பார்க்கிறேன். டென்வர் அணிக்குப் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங்கின் உச்சம் 2013 சீசன் என்கிறார்கள். ஆனால் அந்த சீசனின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் சியாட்டிலிடம் 43-8 என்று மண்ணைக் கவ்வினார். 2015 சீசனில் கோப்பையை வாங்கினார். அப்படியானால் 2015 அல்லவா பெரியது? பெரிய ஆட்டம் என்றால் அவருக்குக் கை உதறும் என்கிறான் மகன். அவர் காலத்து இன்னொரு குவார்ட்டர்பேக் டாம் பிராடியா, மானிங்கா, யார் பெரியவர் என்பதையும் சொல்லிவிடுங்கள். மானிங் ‘ஒமாஹா, ஒமாஹா’ என்று கத்துகிறாரே, அது என்ன?

ர.

அன்புள்ள ர.,

அப்பாவும் பிள்ளையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது நல்ல விஷயம். விடாமல் பாருங்கள். ஆனால் கோப்பையை வைத்து சீசனை எடைபோடும் இந்தப் பழக்கத்தைப் பையனுக்குத் தொற்றவைக்காதீர்கள். 2015-ல் மானிங் எறிந்த டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லையில் புள்ளி எடுத்துத்தந்த எறிதல்) 9, இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்) 17. நவம்பர் 15 அன்று கன்சாஸ் சிட்டிக்கு எதிராக 20 முறை எறிந்து 5 தான் போய்ச் சேர்ந்தது. 35 யார்டு, 4 இன்டர்செப்ஷன். பாதியில் வெளியே உட்காரவைத்தார்கள். சூப்பர் பவுலில் அவர் எடுத்தது 141 யார்டு. கோப்பையைக் கொண்டுவந்தது வான் மில்லர் இருந்த டிஃபன்ஸ், அதாவது தடுத்தாடும் பிரிவு. இதையா பெரிய சீசன் என்கிறீர்கள்? ஸ்கோர்போர்டின் கடைசி வரியை மட்டும் படித்தால் இப்படித்தான் ஆகும்.

பிராடி கேள்வியை விட்டுவிடுகிறேன். அதற்கு ஆளில்லாத டீக்கடை உலகத்தில் இல்லை.

2013-க்கு வருவோம். 55 டச்டவுன், 5,477 யார்டு, அணிக்கு 606 புள்ளிகள், மூன்றுமே அன்றைய சாதனைகள். யார்டு சாதனை, முன்பு அதை வைத்திருந்த ட்ரூ பிரீஸைவிட ஒரே ஒரு யார்டுதான் கூட. கடைசி ஆட்டத்தில் எரிக் டெக்கருக்குப் போன ஒரு ஏழு யார்டு எறிதல் முன்னால் போனதா, கணக்கில் சேராதபடி பின்னால் போனதா என்று லீக் உட்கார்ந்து பார்த்து, கணக்கில் வைத்துக்கொண்டது. போகட்டும். நான் பார்க்கச் சொல்லும் எண் வேறு: 659 எறிதல்களுக்கு அவர் பந்தோடு வீழ்த்தப்பட்டது 18 முறை. அதுவும் மானிங்கின் இடப்பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டாக்கிள் ரயன் கிளேடி இரண்டாவது ஆட்டத்திலேயே பாதத்தில் காயப்பட்டுப் போனபிறகு, கிறிஸ் கிளார்க் என்ற மாற்று ஆளை வைத்துக்கொண்டு.

இது எப்படி நடந்தது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம் அதில்தான். கழுத்து அறுவை சிகிச்சையால் 2011 முழுக்க ஆடாமல் இருந்தவர்; வலது கையின் டிரைசெப்ஸ் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை; பந்தைப் பிடிக்கக் கையுறை வேண்டியிருந்தது. சியாட்டில் வீரர் ரிச்சர்ட் ஷெர்மன், மானிங் எறியும் பந்து வாத்துபோல ஆடுகிறது என்றார். ஆமாம், அந்த வாத்துகளால்தான் நிறைய டச்டவுன் வந்தது என்று மானிங்கும் ஒப்புக்கொண்டார். தோள் பலத்தால் வந்த சாதனை இல்லை அது. பந்து ஸ்னாப் ஆவதற்கு, அதாவது நடுவில் நிற்கும் சென்டர் அதைப் பின்னால் அவருக்குத் தருவதற்கு முன்பே, வேலையில் முக்கால்வாசியை முடித்துவிடுவார்.

ஒரு முறை பந்து ஆடி முடிந்ததும் 40 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஹெல்மெட்டுக்குள் பேசும் பயிற்சியாளரின் ரேடியோ, 15 வினாடி மிச்சமிருக்கும்போது அறுந்துவிடும். அதற்குப் பிறகு குவார்ட்டர்பேக் தனி. டென்வர் பெரும்பாலும் ஆளை மாற்றாது: பந்தைப் பிடிக்க மூன்று ரிசீவர், பிடிக்கவும் தடுக்கவும் ஒரு டைட் எண்ட், பந்தோடு ஓட ஒரு ரன்னிங் பேக், அதே ஆட்கள். இவர்கள் மாற்றினால்தான் எதிரணிக்கும் மாற்ற நடுவர் அவகாசம் தருவார். இவர்கள் மாற்றாமல் விறுவிறுவென்று வரிசையில் வந்து நின்றுவிட்டால், களைத்த ஆளோ தப்பான ஆளோ, களத்தில் நிற்பவன் நின்றபடியே ஆடவேண்டும். மானிங் கோட்டருகே வந்து பொய்யாக ஒரு ஸ்னாப் கூவல் விடுவார். பிளிட்ஸ் வரப்போகிறவன், அதாவது அவர்மேல் பாயக் காத்திருக்கும் கூடுதல் ஆள், காலைத் தூக்கிவிடுவான். கோடு தாண்டினால் நடுவரின் கொடி, ஐந்து யார்டு இலவசம். தாண்டாவிட்டாலும் யார் வருகிறான் என்று தெரிந்துபோயிற்று. பிறகு எண்ணுவார். கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகளும் ஆழத்தில் நின்று முன்னால் ஆறே பேர் இருந்தால் பந்து ரன்னிங் பேக் நோஷான் மொரீனோவின் கைக்கு. அவர் 1,038 யார்டு ஓடியது சும்மா இல்லை. ஏழெட்டுப் பேர் முன்னால் குவிந்தால், காலியான இடத்துக்கு எறிவார். இப்போதுதான் நீங்கள் கேட்ட ‘ஒமாஹா’: திட்டத்தை மாற்றியாயிற்று, நேரம் இல்லை, பந்தைக் கொடு. அவ்வளவுதான்.

முதல் ஆட்டத்தையே எடுங்கள். 2013 செப்டம்பர் 5, பால்டிமோருக்கு எதிராக ஏழு டச்டவுன். ஏழாவது ரிசீவர் டெமாரியஸ் தாமஸுக்கு, 78 யார்டு. புத்தகத்தில் 78 என்று பார்த்துவிட்டு, என்ன கை என்று வாயைப் பிளப்பார்கள். அது ஒரு ஸ்கிரீன். ஸ்னாப் ஆனதும் பக்கவாட்டில் நிற்பவனுக்கு ஒரு தட்டு. முன்னால் தடுப்பாளர்கள் ஓட, மிச்சமெல்லாம் தாமஸின் கால். இந்த எறிதலில் எங்கே தப்பு நடக்கும்? ரிசீவரின் முன் தோளுக்குப் போகவேண்டிய பந்து பின்னால் போனால் அவன் நின்று திரும்பவேண்டும். அந்த அரை வினாடியில் அவனை மறிக்கும் எதிரணிக் கார்னர் வந்துவிடுவான். மானிங்கின் வாத்து முன் தோளுக்கே போனது. பந்து கையில் தங்காத இடத்தில் கிறிஸ் கிளார்க் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும், சொல்லுங்கள்?

அப்படியானால் சியாட்டில் எப்படி அடித்தது? உங்கள் மகன் சொல்வது போல உதறல் இல்லை. மானிங் எதிராளி மறைப்பதைக் கண்டுபிடித்து வாழ்ந்தவர். சியாட்டில் எதையும் மறைக்கவே இல்லை. ஆழத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளும் கவர் த்ரீ, இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள். பிளிட்ஸ் அபூர்வம், நான்கு பேரே போதும் என்று நெருக்கினார்கள், களைத்தவனை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். என்ன ஆடப்போகிறோம் என்று சொல்லிவிட்டே ஆடுகிறவனிடம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? குட்டை எறிதல்களை விட்டுக்கொடுத்து, பிடித்த இடத்திலேயே சாய்த்தார்கள். தாமஸ் அன்று 13 முறை பிடித்தார். மொத்தம் 118 யார்டு, பிடிப்புக்கு ஒன்பது. சீசனில் அதே ஆள் 92 பிடிப்பில் 1,430, அதாவது பிடிப்புக்குப் பதினைந்தரை. பிடித்தபிறகு ஓடும் அந்த ஆறு யார்டைச் சியாட்டில் பிடுங்கிக்கொண்டது. பிடுங்கியபிறகு டென்வர் நீளமாக எறியப் பார்க்கவேண்டும். நீளத்துக்கு நேரம் வேண்டும். நேரம் தடுப்பாளர்களிடம் இல்லை. கிளிஃப் ஏவ்ரில் ஓடிவந்து எறியும் கையைத் தட்டினார், பந்து மேலே எழும்பியது, மால்கம் ஸ்மித் பிடித்து 69 யார்டு ஓடினார். இடைவேளையில் 22-0.

முதல் ஸ்னாப் இருக்கிறதே, அதைப் பையனுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டுங்கள். மானிங் திட்டத்தை மாற்றக் கோட்டை நோக்கி நடந்துவருகிறார். இரைச்சலில் கூவல் கேட்டுவிட்டதாக நினைத்த சென்டர் மேனி ராமிரெஸ் பந்தை அனுப்பிவிட்டார். அது மானிங்கின் தலையோரமாகப் பறந்து எண்ட் ஸோனுக்குள் போக, மொரீனோ மேலே விழுந்து அமுக்கினார். 12 வினாடியில் சேஃப்டி: இது ஆள் இல்லை, சொந்த எண்ட் ஸோனில் (களத்தின் கடைசி எல்லை) சிக்கியதால் எதிரணிக்குப் போகும் இரண்டு புள்ளி. அந்த சீசன் முழுக்க டென்வரைத் தூக்கி நிறுத்திய அதே நடை அது. அன்று சென்டரின் காதில் சரியாக விழவில்லை.

எந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்கவேண்டும். பால்டிமோர் ஆட்டத்தை முதலில் போடுங்கள். பந்தைப் பார்க்காமல், திரையின் ஓரத்தில் ஓடும் கடிகாரத்தையும் சேஃப்டிகள் நிற்கும் இடத்தையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எறிவதற்கு முன்பே எங்கே எறியப்போகிறார் என்று பையன் இரண்டு முறை சரியாகச் சொன்னால், எனக்கு எழுதுங்கள்.