காக்ளியர் இம்பிளாண்ட்: இம்மாதக் கேள்விகளும் பதில்களும்

(புதிய வாசகர்களுக்கு: உட்காதில் சங்குபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் மின்வாய்களை, அதாவது மின்னோட்டம் செலுத்தும் முனைகளை, வைத்துச் செவி நரம்பைத் தூண்டி, கேளாதோருக்கு ஒலியை உணர்த்தும் கருவியே காக்ளியர் இம்பிளாண்ட்.)

மின்கலத்தைக் காதில் வைத்து ஒலி கேட்டவர் வோல்டாதான் என்பது உண்மையா? – முத்தியால்பேட்டை வாசகர்

உண்மைதான். 1800 வாக்கில், தாம் செய்த மின்கலத்தின் இரு முனைகளையும் இரு காதுகளிலும் இணைத்துக்கொண்ட இத்தாலிய இயற்பியலாளர் வோல்டா, தலைக்குள் ஓர் அதிர்ச்சியையும், தொடர்ந்து ஏதோ கெட்டியாகக் கொதிப்பது போன்ற ஓசையையும் உணர்ந்ததாக எழுதினார். வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

காக்ளியர் இம்பிளாண்டின் தந்தை யார்? பள்ளி வினாடி வினாவுக்கு ஒரே பெயர் போதும். – மஞ்சக்குப்பம் ஆசிரியர்

ஒரே பெயர் கேட்டு மாதம் ஒரு கடிதமாவது வந்துவிடுகிறது. போட்டி நடத்துவோரின் வசதிக்காக வரலாற்றைக் குறுக்கித் தர என்னால் இயலாது. 1957 பிப்ரவரி 25 அன்று பாரிஸில், ஆந்த்ரே ஜூர்னோ உருவாக்கிய கருவியை, இரு காதும் கேளாத ஒருவரின் செவி நரம்போடு ஷார்ல் ஏரியேஸ் பொருத்தினார். அந்த நோயாளி ஓசையின் தாளத்தை உணர்ந்தார். பழகிய சில சொற்களைப் பிரித்தறிந்தார். ஆனால் கருவி நீடிக்கவில்லை. கூட்டாளிகளும் மனம் வேறுபட்டுப் பிரிந்தனர். பிரெஞ்சுத் தெருப்பெயர்களுக்கு நடுவே வாழும் புதுச்சேரிக்காரர்களுக்கே இவ்விருவரைத் தெரியவில்லை என்பது என் நெடுநாள் மனத்தாங்கல். அந்தப் பாரிஸ் செய்தியை ஒரு நோயாளி கொண்டுவந்து காட்டியதால்தான் லாஸ் ஏஞ்சல்ஸில் காது மருத்துவர் வில்லியம் ஹவுஸ் இவ்வேலையில் இறங்கினார். 1961இல் அவர் பொருத்தியவற்றை விரைவிலேயே வெளியே எடுக்க நேர்ந்தது. சக அறிஞர்கள் பலர் எதிர்த்தும் அவர் விடவில்லை. 1984இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது அவருடைய ஒற்றை மின்வாய்க் கருவி. ஓசை இருப்பதை அது உணர்த்தும், உதட்டசைவைப் படிக்க உதவும். பேச்சைப் புரியவைக்கப் பெரும்பாலும் போதாது. காக்ளியாவின் அடிப்பகுதி கீச்சொலிக்கும் உச்சிப்பகுதி தாழ்ந்த ஒலிக்கும் உரியவை என்பதால், மின்வாய்கள் பலவாக இருக்க வேண்டும், சுருளுக்குள் ஆழமாகவும் செல்ல வேண்டும். அத்தகைய கருவியை 1977 டிசம்பரில் வியன்னாவில் ஹொக்மேர் தம்பதியர் உருவாக்கித் தந்தனர். 1978 ஆகஸ்டில் மெல்போர்னில் கிரேம் கிளார்க் தம் கருவியைப் பொருத்தினார்.

மருந்துக்கடைக்காரரான தம் தந்தை காது கேளாமல் பட்ட சங்கடத்தைப் பார்த்து வளர்ந்தவர் கிளார்க். மின்வாய்க் கம்பியைச் சுருளுக்குள் செலுத்தும் வழி புலப்படாதிருந்தபோது, கடற்கரையில் ஒரு சங்கினுள் புல்லிதழை நுழைத்துப் பார்த்தார். நுனி துவண்டும் அடி போகப் போக விறைத்தும் இருக்கும் இதழ் வளைந்து வளைந்து உள்ளே போவதைக் கண்டார். என் மேசையிலும் வெள்ளிக் கடற்கரையில் பொறுக்கிய சங்கு ஒன்று இருக்கிறது. நம்பாத பெற்றோரிடம் அதையும் ஓர் ஈர்க்குச்சியையும் கொடுத்து நுழைக்கச் சொல்வேன். முதல் திருப்பத்திலேயே ஈர்க்கு நின்றுவிடும். ஆசிரியர் ஐயா, ஒரே பெயர்தான் வேண்டுமெனில் போட்டிக்கு வேறு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்.

இதைக் கண்டுபிடித்தது நாசா என்று படித்தேனே? – பண்ருட்டி

இல்லை. நாசாவில் பணியாற்றிய ஆடம் கிஸ்ஸாயா, தமக்கே கேள்விக்குறைவு இருந்ததால், சொந்த முயற்சியில் உழைத்து 1977இல் ஒரு காப்புரிமை பெற்றார். மேலே உள்ள ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை எனக்கு அனுப்பும் முன் ஆண்டைச் சரிபாருங்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

மகளுக்கு இரண்டரை வயது, இன்னும் பேசவில்லை. அவள் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினாராம். காத்திருக்கலாமா? – நெல்லிக்குப்பம் தாய்

கூடாது, அம்மா. நான்கு பக்கம் எழுதிய நீங்கள், பெரா பரிசோதனை (ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் எதிர்வினையை அளப்பது) செய்தீர்களா என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. இந்த வாரமே செய்யுங்கள். பிறவிச் செவிடு என்று உறுதியானால், மூளை பேச்சொலிக்குப் பழகும் இளம் பருவம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இக்கருவி பொருத்தும் அறுவை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே. அறுவை முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அன்றே பிள்ளை பேசிவிடாது. மேப்பிங்கும் (கருவியின் மின்னளவைப் பிள்ளைக்கு ஏற்பச் சரிசெய்வது) பேச்சுப் பயிற்சியும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்.

காக்ளியாவில் மயிர்ச்செல்கள் 15,000. கருவியில் மின்வாய்கள் 22. எப்படிப் போதும்? – சிதம்பரம் மாணவர்

நல்ல கேள்வி. (மயிர்ச்செல்கள் என்பவை ஒலியதிர்வை நரம்புக்கான சமிக்ஞையாக மாற்றும் செல்கள்.) மின்வாய்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் ஒன்றின் மின்னோட்டம் மற்றொன்றோடு கலந்து குழம்பும். அமெரிக்காவில் பிளேக் வில்சன் குழுவினர், மின் துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக அனுப்பும் முறையை 1991இல் வெளியிட்ட பிறகு, உதட்டைப் பாராமலே பேச்சைப் புரிந்துகொள்வோர் பெருகினர். 2013இல் லாஸ்கர் என்னும் மருத்துவ ஆராய்ச்சி விருது கிளார்க், இங்கெபோர்க் ஹொக்மேர், வில்சன் ஆகிய மூவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஒரே பெயர் கேட்போர் இதையும் குறித்துக்கொள்ளலாம். இசை இன்னும் கடினமே: தவிலின் நடை பிடிபடும், நாதஸ்வரத்தின் கமகம் எளிதில் பிடிபடாது.

கருவி பொருத்திய மகன் கடலில் இறங்கலாமா? – தேவனாம்பட்டினம்

காயம் ஆறி, மருத்துவர் அனுமதித்த பின், காதுக்கு வெளியே அணியும் பகுதியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு இறங்கலாம். உங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கு, இரவுதோறும் அதை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைப்பது கட்டாயம். பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நாளையே மீண்டும் தொடங்குங்கள்.

தந்தைக்கு 72 வயது. ஐந்து ஆண்டுகளாகக் கேட்பதில்லை. வயது தடையா? – லாஸ்பேட்டை

வயது மட்டும் தடையில்லை. பேசப் பழகிய பின் செவித்திறன் இழந்தவர்கள், கேளாத காலம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் நன்றாகவே பயன் பெறுகிறார்கள். இதற்குமேல் சொல்ல ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை வரைபடம்) நகல் வேண்டும். கடித உறையில் கோவில் பிரசாதம் இருந்தது, அது இல்லை.