ட்ரிப் சுவிட்ச் இருந்தால் எர்த் கம்பி தேவையில்லையா?

வெள்ளவத்தையில் மேல்மாடியொன்றில் வாடகைக்கு இருப்பதாகவும், வோஷிங் மெஷினைத் தொட்டால் கை விறுவிறுக்கிறது என்று சொன்னதற்கு வீட்டுக்காரர் “ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே, எர்த் எதற்கு?” என்று கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எர்த் கட்டாயம் தேவை. ட்ரிப் சுவிட்ச் அதற்கு மாற்று அல்ல.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த பழைய வீட்டிலும் இதே நம்பிக்கைதான் இருந்தது. பிரிட்ஜின் முன்னால் எப்போதும் ஒரு சோடி றப்பர் செருப்பு கிடக்கும். அதைப் போடாமல் கதவைத் திறந்தால் அம்மா ஏசுவார். அப்பாவோ மாதம் தவறாமல் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துவார். அது டக்கென்று விழும். அவரும் நிம்மதியாகத் தூக்கிவிட்டு வருவார். பிறகொரு நாள் வயரிங் பாஸ் ஒருவர் பச்சை நிற எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்முற்றம் வரைக்கும் போனார். அங்கே அது, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அரை அடி நீளத் துருப்பிடித்த இரும்புக் குழாயில் கிளிப் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் அது மண்ணுக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய். குழாய் வேலைக்கு வந்தவர்கள் மற்றதையெல்லாம் கழற்றி பி.வி.சி. போட்டபோது அந்தத் துண்டை மட்டும் சுவரில் விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டு எர்த் அந்த அரை அடியோடு முடிந்திருந்தது.

அப்படியென்றால் அப்பா அழுத்திய பொத்தான் ஏன் வேலை செய்தது? அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதே இல்லை. ட்ரிப் சுவிட்ச், உயிர்க்கம்பியில் (லைவ்) போகும் மின்னோட்டத்தையும் நொதுமல் கம்பியில் (நியூட்ரல்) திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் கண்டால் விழுகின்ற கருவி. பொத்தானை அழுத்தும்போது உள்ளேயுள்ள ஒரு சிறு தடையின் வழியாக அந்த வித்தியாசம் செயற்கையாக உண்டாக்கப்படுகிறது. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் அது விழத்தான் செய்யும்.

எர்த் சரியாக இருந்தால், மெஷினுக்குள் உயிர்க்கம்பியின் மேலுறையான காப்பு கெட்டு, அது மெஷினின் இரும்பு உடலைத் தொட்ட கணமே மின்னோட்டம் பச்சைக் கம்பி வழியாக மண்ணுக்கு இறங்கி, யாரும் கை வைக்கும் முன்பே சுவிட்ச் விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் மெஷினின் உடல் 230 வோல்ட்டில் சத்தமில்லாமல் காத்திருக்கும். மண்ணுக்குப் போகும் பாதையாக அமைவது அதைத் தொடுகிற மனிதர்தான். அப்போதும் சுவிட்ச் விழலாம், ஆனால் உங்கள் உடலுக்குள்ளால் மின்னோட்டம் போன பிறகுதான் விழும். வீடுகளில் பொருத்தப்படுவது 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச். அது 15 மில்லி ஆம்பியருக்குக் கீழே விழாதபடியே செய்யப்படுகிறது. பிடித்த பொருளைக் கை விட முடியாமல் தசைகள் இறுகுவதற்குச் சுமார் 10 மில்லி ஆம்பியர் போதும். இந்த இடைவெளியை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பதறுகிறது.

மறுபக்கமாக, எர்த் கம்பம், அதாவது எர்த் கம்பியை இணைக்க மண்ணுக்குள் அடிக்கும் உலோகக் கம்பி, மட்டும் போதுமென்றும் எண்ண வேண்டாம். இலங்கையில் சாதாரண வீடுகளுக்கு மின்கம்பத்திலிருந்து வருவது உயிர்க்கம்பியும் நொதுமலும்தான். எர்த் கம்பத்தை நம் வளவிலேயே நாமே அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் புதிதாக அடித்த கம்பம் மண்ணுக்குள் மின்னோட்டம் இறங்குவதை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தபோது 38 ஓம் காட்டியது. 230 வோல்ட்டை 38 ஆல் வகுத்தால் ஆறு ஆம்பியர். மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மட்டும் விழுகிற 16 ஆம்பியர் பிரேக்கர் அதைச் சட்டையே செய்யாது. ட்ரிப் சுவிட்சுக்கோ அது தாராளம். ஆகவே இரண்டும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். மண் காய்ந்தால் இந்த ஓம் கணக்கு ஏறும் என்பதால், மழை நாளில் அளந்த அளவை நம்பியிருக்காமல் பெப்ரவரி, மார்ச் வெயிலிலும் ஒரு தடவை அளப்பது நல்லது.

சிலர் எர்த் இல்லாத இடத்தில், பிளக் பொயின்ற்றுக்குள்ளேயே எர்த் முனையை நொதுமலோடு சேர்த்துவிடுவார்கள். விளக்கு வைத்த சோதனைப் பிளக்கைச் செருகினால் எல்லாம் சரியென்றே காட்டும். ஆனால் நொதுமல் எங்காவது அறுந்தால் அந்தப் பொயின்ற்றிலுள்ள ஒவ்வொரு இரும்பு உடலிலும் கரண்ட் ஏறும். உங்கள் வீட்டில் அப்படிச் செய்ய யாராவது முன்வந்தால் சம்மதிக்காதீர்கள்.

விறுவிறுப்பு எல்லாமே காப்புக் கெட்டதன் அடையாளம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மெஷினுக்குள் மின் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் வடிகட்டியிலிருந்து கசியும் மிகச்சிறு மின்னோட்டம்கூட எர்த் இல்லாதபோது கையில் தெரியும். எது காரணமானாலும் எர்த் வேலை செய்யவில்லை என்பதையே அது காட்டுகிறது. நீங்கள் இரண்டு முள் பிளக்கோ, மாற்றுப் பிளக்கோ போட்டு மெஷினை ஓட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். சதுர முள் பொயின்ற்றின் மேல் துவாரத்தில் பேனா மூடியைக் குத்தித் திறந்து இரண்டு முள்ளைச் செருகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தத் துவாரம் எர்த்துக்குரியது.

வீட்டுக்காரரிடம், அனுமதி பெற்ற மின் தொழிலாளர் ஒருவரைக் கூப்பிட்டு மெஷின் பொயின்ற்றிலிருந்து எர்த் கம்பம் வரையுள்ள தொடர்ச்சியையும், கம்பத்தின் ஓம் அளவையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அது வரும்வரை மெஷினையும் குளியலறை ஹீட்டரையும் பிளக்கிலிருந்து கழற்றியே வைத்திருங்கள்.